குடலிறக்க அறுவையும் அதைக் கற்பிக்கும் முறையும்

வயிற்றுச் சுவரில் வலுவிழந்த ஓர் இடத்தின் வழியே கொழுப்போ குடலோ வெளியே பிதுங்குவதுதான் ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம். நின்றால், இருமினால், பாரம் தூக்கினால் கவட்டில் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். கவட்டில் வருவதே மிகுதி. தொப்புளிலும், தொடையின் மேல்முனையிலும், பழைய அறுவையின் தழும்பிலும் வருவதுண்டு. ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் கவட்டுக் குடலிறக்க அறுவை தேவைப்படலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த அறுவையைச் செய்துகொள்கிறார்கள். பொது அறுவை மருத்துவர் எவரும் தம் வாழ்நாளில் அதிகமுறை செய்யும் அறுவைகளில் இது ஒன்று.

அதனாலேயே இதற்குச் 'சின்ன ஆபரேஷன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதுநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவர் கையில் கத்தி கிடைக்கும் முதல் சில கேஸ்களில் ஹெர்னியாவும் ஒன்று. பேராசிரியர் பக்கத்து மேசையில் பெரிய அறுவையில் இருப்பார். மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாண்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பார். நோயாளி மறுநாளே நடந்து வீட்டுக்குப் போய்விடுவதால் எல்லாம் சரியாக நடந்ததாகவே தோன்றும். ஆனால் குடலிறக்க அறுவையின் பலன் தெரிவதற்கு ஆண்டுகள் ஆகும். மூன்றாம் ஆண்டில் மீண்டும் வீக்கம் வரும்போதோ, கவட்டில் விடாத வலியோடு அவர் வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போகும்போதோ, முதலில் தைத்தவருக்கு அது தெரியவே தெரியாது. தன் தவறு தன் கண்ணில் படாத தொழிலில் கை தானாகத் திருந்தாது. முறையான பயிற்சி வேண்டும் என்ற வாதத்தின் வேர் இங்கே இருக்கிறது.

கவட்டுப் பகுதியின் உடற்கூறும் எளிதானதன்று. தோலுக்கும் குடலுறைக்கும் இடையே தசைகளும் சவ்வுகளும் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் ஊடே விந்து நாண் சாய்வாக இறங்குகிறது. அதை ஒட்டி மூன்று நரம்புகள் ஓடுகின்றன. தடிப்பில் தையல் நூலைவிடச் சற்றே பெரியவை அவை. இவற்றில் ஒன்று தையலில் சிக்கினாலோ, சுவரைத் தாங்க வைக்கும் செயற்கை வலையோடு ஒட்டிக்கொண்டாலோ நோயாளிக்கு உட்காருவதும் படியேறுவதும் தொல்லையாகிவிடும். அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. மீண்டும் வராமல் தைப்பதோடு, வலி வராமல் தைக்கவும் கற்றாக வேண்டும்.

பஸ்ஸீனி விட்டுச்சென்ற பாடம்

இத்தாலியின் படுவா நகரில் பணிபுரிந்த எடோர்டோ பஸ்ஸீனி இளமையில், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் பக்கம் நின்று போரிட்டவர். 1867இல் நடந்த சண்டையில் கவட்டிலேயே துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துப்பட்டவர். பின்னாளில் அதே பகுதியின் உடற்கூற்றைத் துருவி ஆராய்ந்து, 1880களில் இன்றைய குடலிறக்க அறுவைக்கு அடித்தளம் இட்டார். அவருக்கு முன்னால் அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பகுதியினருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்துகொண்டிருந்தது. பஸ்ஸீனி கவட்டுக் கால்வாயின் பின்சுவரை முழுதாகத் திறந்தார். பிறகு உள்ளிருக்கும் மூன்று அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்துக் கவட்டுத் தசைநாரோடு தைத்தார். நோயாளிகளைப் பின்தொடர்ந்து கணக்கு வைத்தார். திரும்ப வந்தவை மிகச் சொற்பமே என்று காட்டினார். தன் நோயாளிகளைத் தேடிப்போய்ப் பலனைப் பதிவுசெய்த அந்தப் பழக்கம், அவர் கண்டுபிடித்த தையலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அடுத்து நடந்ததுதான் பயிற்சி பற்றிப் பேசுகிற எவரும் அறிய வேண்டிய கதை. பஸ்ஸீனியின் முறை நாடு விட்டு நாடு போனபோது, குறிப்பாக வட அமெரிக்காவில், பின்சுவரைத் திறக்கும் கட்டம் மெல்ல மெல்ல விடுபட்டுப்போனது. திறக்காமலேயே மேலடுக்குத் தசையை இழுத்துத் தைத்துவிட்டு அதற்கும் பஸ்ஸீனி அறுவை என்றே பெயர் சொன்னார்கள். குடலிறக்கம் திரும்ப வந்தது. பழி பஸ்ஸீனி மீது விழுந்தது. அவருடைய மாணவர் அட்டிலியோ கட்டெரீனா மூல முறையைப் படிப்படியாகப் படங்களோடு விளக்கி நூலாக்கி, அது 1934இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஒரு நல்ல முறை இருந்தால் போதாது, அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சிதையாமல் போய்ச்சேர வேண்டும். எந்தப் படியை விட்டால் அறுவை அறுவையாக இல்லாமல் போகும் என்பதை எழுதிவைத்து, ஒவ்வொரு மாணவரும் அதைச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். இன்றைய பாடத்திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு தேவையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன.

பஸ்ஸீனியின் காலத்திலேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் தனியாக இதே போன்றதொரு குடலிறக்க அறுவையை வகுத்தார். மருத்துவமனையிலேயே தங்கி, ஆண்டுக்காண்டு கூடும் பொறுப்போடு அறுவை கற்கும் முறையை அந்நாட்டில் நிலைநாட்டியவரும் அவரே. குடலிறக்க அறுவையும் பயிற்சி முறையும் ஒருவரின் கையிலேயே உருப்பெற்றன என்பது சுவையான செய்தி. ஆனால் ஹால்ஸ்டெட் முறை நாளடைவில் 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்ற சொல்லாகக் குறுகிப்போனது. குடலிறக்கத்துக்கு அந்த மூன்றும் போதவே போதாது.

ஒரே அறுவையைச் செய்யும் மருத்துவமனை

கனடாவின் டொராண்டோவில் எட்வர்ட் எர்ல் ஷோல்டைஸ் 1945இல் தொடங்கிய மருத்துவமனையில் குடலிறக்க அறுவையைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. பஸ்ஸீனியைப் போலவே பின்சுவரைத் திறந்து, அடுக்குமேல் அடுக்காகத் தொடர்தையல் போடும் முறை அவருடையது. பெரும்பாலும் வலை வைப்பதில்லை. பொது மருத்துவமனையில் ஒருவர் பல ஆண்டுகளில் எட்டும் எண்ணிக்கையை அங்குள்ள மருத்துவர் ஓராண்டில் எட்டிவிடுகிறார். ஆண்டுக்கு 600 முதல் 800 அறுவைகள். புதிதாகச் சேர்பவர் வெளியில் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றவராக இருந்தாலும் முதலில் உதவியாளராக நிற்கிறார். பிறகு மூத்தவர் எதிரில் நிற்க அதே அறுவையை அதே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்கிறார். அவரவர் கைமுறைக்கு அங்கே இடமில்லை.

இதன் பலன் எண்ணில் தெரிந்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் 1993 முதல் 2007 வரை கவட்டுக் குடலிறக்க அறுவை செய்துகொண்ட சுமார் 2,35,000 பேரின் பதிவுகளை ஆய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொது மருத்துவமனைகளில் மறு அறுவைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர். ஷோல்டைஸில் 1.15 பேர். அங்கே சேர்க்கப்படுபவர்கள் உடல் எடை குறைந்தவர்கள், ஓரளவு நல்ல உடல்நிலை உள்ளவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரிது. ஸ்வீடனின் தேசியப் பதிவேடு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் செய்யாத மருத்துவர்களின் நோயாளிகளுக்கே மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது. அந்த ஐந்தைத் தாண்டியபின் எண்ணிக்கை கூடக்கூடப் பலனும் கூடிக்கொண்டே போகும் என்பதற்கு அங்கே தெளிவான சான்று கிடைக்கவில்லை. எண்ணிக்கை ஒரு பகுதிதான். யார் கண்காணிப்பில், எந்த முறையில் செய்தார் என்பது இன்னொரு பகுதி.

வலையும் லேப்ராஸ்கோப்பியும்

திசுவை இழுத்துத் தைத்தால் இழுவிசையே தையலை அறுக்கும். லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டன்ஸ்டைனும் கூட்டாளிகளும் பாலிப்ரொப்பிலீன் வலையை வைத்து இழுவிசை இல்லாமல் மூடும் முறையை 1980களில் வகுத்து, 1989இல் ஆயிரம் நோயாளிகளின் பலனோடு வெளியிட்டார்கள். உலகெங்கும் அது வேகமாகப் பரவியதற்குக் காரணம், கற்பது எளிது என்பதே. சராசரிக் கையிலும் நல்ல பலன் தந்தது. அப்படியும் வலையைப் பூப்பெலும்பின் மேல் போதிய அளவு நீட்டி வைக்காமல் விடுவது, நரம்புகளை அடையாளம் காணாமல் தைப்பது என்ற இரண்டு பிழைகள் இன்றும் தொடர்கின்றன.

1990களின் தொடக்கத்தில், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்ததும் நிலைமை மாறியது. அதுவரை முன்பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய கவட்டை இப்போது உள்ளிருந்து பார்க்க வேண்டும். குடலுறைக்கும் தசைக்கும் நடுவே, எட்டிப் பார்க்க இடமில்லாத ஓர் அடுக்கில் வாயுவைச் செலுத்தி வெளியுண்டாக்கி வேலை செய்ய வேண்டும். விந்துக் குழாய்க்கும் விந்தக இரத்தக் குழாய்களுக்கும் நடுவே ஒரு முக்கோணம் உண்டு. அதன் அடியில் காலின் பெரிய தமனியும் பெரிய சிரையும் கிடக்கின்றன. 'அழிவு முக்கோணம்' என்றே அதற்குப் பெயர். அதற்கு வெளிப்புறம் உள்ளது 'வலி முக்கோணம்'. அங்கே வலையைப் பொருத்தும் சிற்றாணி ஒன்றை அடித்தால் தொடை நரம்புகள் சிக்கும். திறந்த அறுவையில் தேர்ந்தவருக்கும் இந்தக் காட்சி புதிது. இடம் வலம் தெரியாத ஊரில் போய் நிற்பது போலத்தான்.

இதன் விலை என்ன என்பதை அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14இல் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு ஆண்டுகளில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் 10.1 சதவீதத்தினருக்கும், திறந்த முறையில் வலை வைத்தவர்களில் 4.9 சதவீதத்தினருக்கும் குடலிறக்கம் திரும்ப வந்தது. பலர் அதைக் கொண்டு லேப்ராஸ்கோப்பியே தாழ்ந்தது என்றார்கள். ஆனால் அந்த ஆய்வுக்குள்ளேயே இன்னொரு உண்மை இருந்தது. அந்த அறுவையை 250 முறைக்கு மேல் செய்திருந்த மருத்துவர்களிடம் திரும்ப வந்த விகிதம் மற்றவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே. முறையை அளக்கப் போனவர்கள் கையை அளந்துவிட்டு வந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பன்னாட்டு வல்லுநர் குழு 2018இல் வெளியிட்ட கவட்டுக் குடலிறக்க வழிகாட்டி நெறிகள் இதை எண்ணாக்கின. லேப்ராஸ்கோப்பி முறையில் கை பழக, கண்காணிப்போடு 50 முதல் 100 அறுவைகள் தேவை. அவற்றிலும் முதல் 30 முதல் 50 வரைதான் ஆபத்து மிகுந்தவை. முன்வழி (திறந்த முறை), பின்வழி (லேப்ராஸ்கோப்பி) என இரண்டையும் அறிந்தவரே ஒவ்வொரு நோயாளிக்கும் பொருந்தியதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதும் அந்த நெறிகளின் கருத்து. முன்வழி அறுவை கெட்டுப்போய்த் திரும்ப வந்தால் பின்வழியில் போக வேண்டும், பின்வழி கெட்டால் முன்வழியில். ஒன்றை மட்டும் கற்றவருக்கு இந்தக் கதவு அடைந்துவிடுகிறது.

பயிற்சியின் படிகள்

முறையான பயிற்சி கத்தியில் தொடங்குவதில்லை. நோயாளியை நிற்கவைத்துப் பார்ப்பது, இருமச் சொல்வது, எது கவட்டுக் குடலிறக்கம், எது தொடைக் குடலிறக்கம் என்று விரலால் பிரித்தறிவது, தேவைப்படும் இடத்தில் ஸ்கேன் எடுப்பது ஆகியவை முதல் படி. எப்போது அறுவை வேண்டாம் என்பதும் இதில் அடங்கும். தொல்லை தராத கவட்டுக் குடலிறக்கம் உள்ள ஆண்கள் கண்காணிப்பில் காத்திருக்கலாம், திடீரென்று குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கு மிகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண்களின் தொடைக் குடலிறக்கத்தில் அப்படிக் காத்திருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை அறியாதவர் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பயனில்லை.

அடுத்தது மாதிரியில் கை பழகுவது. அட்டைப் பெட்டியில் இரண்டு துளையிட்டு, உள்ளே ஒரு கேமராவை வைத்து, வெளியே திரையைப் பார்த்துக்கொண்டு கம்பிக் கருவிகளால் மணிகளை ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்றுகிறார் மாணவர். முதல் நாள் மணி நழுவும், கருவி எதிர்ப்பக்கம் போகும், தோள் வலிக்கும். பத்தாம் நாள் கை திரையோடு ஒத்துப்போகும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான இத்தகைய ஐந்து பயிற்சிகளை வைத்தே அமெரிக்காவில் லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் தேர்வு அமைந்தது. பொது அறுவையில் வாரியச் சான்று பெற அங்கே அதில் தேறியாக வேண்டும். லிக்டன்ஸ்டைன் முறைக்கு இதைவிட எளிய மாதிரியே போதும். துணி அடுக்குகளும், விந்து நாணுக்கு ஒரு ரப்பர் குழாயும், நரம்புக்கு ஒரு நூலும் இருந்தால் வலையை எங்கே கத்தரிப்பது, அதன் வாலை எப்படிக் குறுக்காகப் போர்த்துவது, முதல் தையல் எலும்பின்மேல் எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் மேசையில் வைத்தே கற்பித்துவிடலாம்.

மாதிரியில் பெற்ற பழக்கம் மனித உடலில் பயன் தருமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 50 பயிற்சி மருத்துவர்களை இரு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2011இல் அதற்கு விடை தந்தது. ஒரு குழு வழக்கம்போல அறுவை அரங்கிலேயே கற்றது. இன்னொரு குழு மாதிரியில் குறித்த தேர்ச்சியை எட்டும்வரை பயின்றபின்தான் அரங்கில் நுழைந்தது. இத்தனை மணிநேரம் என்ற வரையறை இல்லை, தேர்ச்சிதான் வரையறை. இரு குழுவும் செய்த 219 லேப்ராஸ்கோப்பி அறுவைகளை ஒப்பிட்டபோது, தேர்ச்சி பெற்று வந்தவர்கள் விரைவாக முடித்தார்கள். அவர்களுடைய நோயாளிகளுக்குச் சிக்கல்கள் குறைவு. இரவு தங்க நேர்ந்தவர்களும் குறைவு. மாதிரிப் பயிற்சி நோயாளிக்கே நன்மை தரும் என்று நேரடியாகக் காட்டிய அறுவைத்துறை ஆய்வுகள் அரிது. அவற்றுள் ஒன்று குடலிறக்கத்தில் கிடைத்தது.

மூன்றாம் படியில் அறுவையைத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். முதல்நாளே முழு அறுவையையும் மாணவரிடம் விடுவதில்லை. முதலில் துளையிட்டு வெளியுண்டாக்குவது மட்டும். அதில் தேறியபின் குடலிறக்கப் பையைப் பிரிப்பது. பிறகு வலை விரிப்பது. இதில் உதவியாக வந்தது 2017இல் கொலம்பியாவின் ஹோர்ஹே டயஸும் அமெரிக்காவின் எட்வர்ட் ஃபீலிக்ஸும் வகுத்த பட்டியல். வலையை உள்ளே விடுமுன் கண்ணில் பட்டே ஆகவேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. பூப்பெலும்பு நடுக்கோட்டைத் தாண்டித் தெரிகிறதா? சிறுநீர்ப்பைக்கும் எலும்பை ஒட்டிய தசைநாருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டராவது பிரிந்திருக்கிறதா? தொடைத் துவாரம் பார்க்கப்பட்டதா? விந்து நாணை ஒட்டிய கொழுப்புக் கட்டி எடுக்கப்பட்டதா? குடலுறை போதிய தூரம் பின்னால் தள்ளப்பட்டதா? இவை அத்தனைக்கும் ஆம் என்றால்தான் வலை. அதுவும் 15க்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல். திரையில் அந்தக் காட்சியை ஒரு படமாகப் பிடித்துவைத்தால், அரங்கில் இல்லாத ஆசிரியரும் மறுநாள் பார்த்துத் திருத்தலாம். பஸ்ஸீனிக்கு நேர்ந்தது போல ஒரு படி ஓசையில்லாமல் விடுபடுவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

நான்காவது, அளவிடுவது. 'பையன் நல்லா செய்றான்' என்ற சொல்லுக்குப் பதிலாக, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான மதிப்பெண் அட்டைகள் வந்தன. திசுவை எவ்வளவு மென்மையாகக் கையாள்கிறார், கருவி வீணாக அலைகிறதா, அடுத்த படி என்னவென்று தெரிந்து செய்கிறாரா என்பதற்கெல்லாம் தனித்தனி மதிப்பெண். குடலிறக்கத்துக்கென்றே அமைந்த அட்டைகளும் உண்டு. இதை மாணவரை மட்டம்தட்டும் கருவியாக்கிவிடும் துறைகளும் இருக்கின்றன, அது பெருந்தவறு. எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று காட்டுவதுதான் அட்டையின் வேலை.

வயிற்றுச் சுவர்

கவட்டைத் தாண்டி வயிற்றின் நடுவே வரும் தழும்புக் குடலிறக்கம் தனி உலகம். இதில் பயிற்சியின் முதல் பாடம் குடலிறக்கத்தைச் சரிசெய்வதன்று, வராமல் வயிற்றை மூடுவது. நெதர்லாந்தில் 560 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் திசுவைப் பிடித்து ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தைத்தவர்களில் 21 சதவீதத்தினருக்கு ஓராண்டில் குடலிறக்கம் வந்தது. ஐந்து மில்லிமீட்டர் பிடித்து ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கித் தைத்தவர்களில் 13 சதவீதம். நுண்ணிய தையலுக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் நான்கு மணிநேர அறுவை முடிந்து, மூத்த மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு, 'மூடிவிடு' என்று சொல்லிப் போகும் நேரம் அது. களைத்துப்போன, துறையிலேயே மிக இளைய மருத்துவரிடம் அந்த வேலை விழுகிறது. தைத்த நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதியைச் சரிபார்க்க ஓர் அளவுநாடா போதும். மீதி நூலை அளந்து குறித்துவைக்கும் துறைகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

பெரிய தழும்புக் குடலிறக்கங்களில் இரு பக்கத் தசைகளும் விலகிப்போய், நடுவில் குடல் தோலுக்கடியில் கிடக்கும். அவற்றை மீண்டும் நடுக்கோட்டில் சேர்க்க, 1990இல் ராமிரெஸ் என்ற அறுவை மருத்துவர் வெளித்தசையை விடுவிக்கும் வழியை விளக்கினார். 2012இல் நோவிட்ஸ்கியும் கூட்டாளிகளும் உட்புறமிருந்து குறுக்குத் தசையை விடுவித்துப் பெரிய வலை விரிக்க இடமுண்டாக்கும் வழியை வெளியிட்டார்கள். காணொளிகளில் பார்க்க மிக அழகாக இருக்கும் அறுவை இது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. நேர்த்தசையின் ஓரத்தில் நரம்புக் கற்றைகள் நுழையும் இடத்துக்கு உட்புறமாகக் குறுக்குத் தசையை வெட்ட வேண்டும். விரலளவு வெளியே தள்ளி வெட்டினால் வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் எல்லாம் சேரும் விளிம்பே அறுந்துவிடும். அப்படி அறுந்த வயிறு பக்கத்தில் சரிந்து தொங்கும். அதைச் சரிசெய்வது முதல் குடலிறக்கத்தைவிடப் பன்மடங்கு கடினம். காணொளி பார்த்தோ ஒருநாள் பட்டறையில் கலந்துகொண்டோ தனியாகச் செய்துபார்க்கும் அறுவையன்று இது. பிணக்கூறு அறையில் அடுக்குகளைப் பிரித்துப் பழகி, பிறகு தேர்ந்தவரோடு பலமுறை நின்று, பிறகு அவர் எதிரில் நிற்கச் செய்து, அதன்பின்னே தனியாகச் செய்ய வேண்டும். சிலருக்கு இது வேண்டாம், மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன் என்று முடிவெடுக்கக் கற்பதும் தேர்ச்சியே.

படிப்புகளும் பட்டங்களும்

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் உருவான குடலிறக்கப் பள்ளி இதை மூன்று கட்டமாக்கியது. முதல் கட்டத்தில் உடற்கூறும் அடிப்படை முறைகளும் பிணக்கூறு மேசையில். இரண்டாம் கட்டத்தில் தேர்ந்த மையம் ஒன்றில் போய் அரங்கில் நிற்பது. மூன்றாம் கட்டத்தில் சிக்கலான வயிற்றுச் சுவர் அறுவைகள். ஐரோப்பிய மருத்துவ வல்லுநர் ஒன்றியம் வயிற்றுச் சுவர் அறுவைக்கென்றே தேர்வு வைத்துத் தகுதி வழங்குகிறது. அமெரிக்காவில் ஓராண்டு சிறப்புப் பயிற்சிகள் உள்ளன. இவற்றோடு 1992இல் தொடங்கிய ஸ்வீடன் பதிவேடும், 1998இல் தொடங்கிய டென்மார்க் பதிவேடும், 2009இல் தொடங்கிய ஜெர்மன் பதிவேடும் நடக்கின்றன. யார் செய்த அறுவை எத்தனை ஆண்டில் திரும்ப வந்தது என்று அந்நாட்டு மருத்துவர்களால் சொல்ல முடிவது இவற்றால்தான்.

ஆப்பிரிக்காவின் அனுபவம் வேறு. அங்கே அறுவை மருத்துவர்களே மிகக் குறைவு. கைவிடப்பட்ட குடலிறக்கம் முழங்கால்வரை இறங்கி உழவரை வேலைக்குப் போகவிடாமல் முடக்கிவிடும். கானாவில் அறுவைப் பட்டம் பெறாத பொது மருத்துவர்களுக்கு வலை வைக்கும் முறையைக் குறுகிய, ஒழுங்கான பயிற்சியாகக் கற்பித்து, அவர்களுடைய பலனை அறுவை மருத்துவர்களின் பலனோடு ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டில் குடலிறக்கம் திரும்ப வந்த விகிதம் பொது மருத்துவர்களிடம் 0.9 சதவீதம், அறுவை மருத்துவர்களிடம் 2.8 சதவீதம். பயிற்சி பெற்ற பொது மருத்துவர் எவ்விதத்திலும் தாழவில்லை. பட்டத்தைவிடக் கண்காணிப்போடு கூடிய திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியே பலனைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. உகாண்டாவில் நடந்த இன்னொரு ஆய்வு, கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணி விலை உயர்ந்த வலைக்கு ஈடாகப் பயன்படுவதை 2016இல் காட்டியது. மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணிபுரிந்த ரவீந்திரநாத் டோங்கோன்கர் 2003இலேயே வெளியிட்ட கருத்து அது.

இந்தியாவில் பொது அறுவை முதுநிலைப் படிப்பு மூன்றாண்டு. மாணவர் செய்த அறுவைகளை லாக்புக்கில் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். ஆனால் 'குடலிறக்கம், உதவினார்' என்ற ஒரு வரிக்குள் அவர் கொக்கி பிடித்தாரா, பையைப் பிரித்தாரா என்பது மறைந்துவிடுகிறது. லேப்ராஸ்கோப்பியில் தமிழ்நாட்டுக்கு நல்ல மரபு உண்டு. கோயம்புத்தூரில் சி. பழனிவேலு தொடங்கிவைத்த நுண்துளை அறுவை மருத்துவர் சங்கம் செய்முறைப் பயிற்சியும் தேர்வும் சேர்ந்த தகுதிச் சான்றை நாடெங்கும் வழங்குகிறது. பல்லாயிரம் மருத்துவர்களுக்கு அது முதல் படி. அது முதல் படி மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். சில நாள் பயிற்சிக்குப் பின் ஊருக்குத் திரும்புபவர், வழிகாட்டி நெறிகள் ஆபத்து மிகுந்தவை என்று சொல்லும் முதல் 30 அறுவைகளைப் பெரும்பாலும் தனியாகவே செய்கிறார். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் திட்டம் இங்கே கைகொடுக்கும். குடலிறக்க நோயாளிகள் அதிகம் வருவது அங்கேதான். அந்த மூன்று மாதத்தில் கவட்டுக் குடலிறக்கத்தைத் திறந்த முறையில் ஒருவர் எதிரில் நிற்க முழுமையாகச் செய்து மதிப்பெண் பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே பயிற்சியின் தரம் உயரும்.

கட்டாயமான குடலிறக்கப் பதிவேடு இந்தியாவில் இல்லை. ஐந்தாண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று அறியாதவரை, எந்தப் பாடத்திட்டம் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்குப் பெரிய பொருட்செலவு தேவையில்லை. நோயாளியின் கைப்பேசி எண், அறுவையின் வகை, செய்தவர் யார், ஆண்டுக்கொரு முறை கேட்க மூன்று கேள்விகள்: வீக்கம் திரும்ப வந்ததா, வலி இருக்கிறதா, வேறெங்கும் மறு அறுவை நடந்ததா. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் அறுவைத் துறையும் இதை நாளைக்கே தொடங்கலாம், தொடங்க வேண்டும். இன்று உலகமே எடுத்துக்காட்டும் ஸ்வீடன் பதிவேடு 1992இல் எட்டு மருத்துவமனைகளோடுதான் தொடங்கியது.